கடைசி ரீலுக்கு வசனம்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
9 ஜனவரி 1956

அறிவிப்பு

இதனால் சைகோன் பட்டணத்தில் வசிக்கும் திருமதி சகாயசெல்வி லூர்துநாதன் அவர்களுக்கும், அவர்கள் கணவருக்கும், அந்தப் பட்டணத்தின் சகல கொசுக்களுக்கும் தெரியப்படுத்துவது என்னவென்றால்: புதுச்சேரி மாதா கோவில் வீதிப் பின்சந்தில் குடியிருக்கும் அந்தோணி அவர்களின் ஒரே குமாரன் அல்போன்சுக்கு மேலுதட்டில் மீசை அரும்பியிருக்கிறது. வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். மேகமூட்டமான நாட்களில் நம்ப வேண்டும். இதை முன்னிட்டுப் பொது விடுமுறை கேட்டு மனுப் போட நினைத்தேன். பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் போடுவதா, இந்திய அரசாங்கத்துக்குப் போடுவதா என்று சர்க்கார் கச்சேரியிலேயே யாருக்கும் தெளிவாகத் தெரியாததால் விட்டுவிட்டேன்.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் அப்பாவும் நானும். நீயும் மச்சானும் சுகமா? மச்சானுக்கு அந்த ஊர்ச் சுருட்டு ஒத்துக்கொள்கிறதா?

மீசையை அடுத்து உத்தியோகமும் வந்துவிட்டது. முத்தியால்பேட்டைப் பக்கம் டெண்டுக் கொட்டகை போட்டிருக்கும் ராஜாங்கத்தை உனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது அவர்களுடைய சங்கம் ஒன்று சாமான்களை ஏலம் போட்டதில் இவர் பிரம்பு நாற்காலிகளை எடுத்தார். கூடவே வந்த டிரங்குப் பெட்டியில் ஆறு சினிமா டப்பா. முப்பது வருஷத்துப் பழைய படம், பேசாத படம், பேய்ப் படம். டப்பா மேல் ஒட்டியிருந்த சீட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது, பெயர்கூடத் தெரியவில்லை. ராஜாங்கமே ‘ஈரப் பாதம்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

நடுநடுவே பிரெஞ்சில் எழுத்து வருமாம். அதைப் படித்து, தகரக் குழாய் வழியாகத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம். பிரெஞ்சில் வகுப்பிலேயே முதல்வன் யார்? குரலில் சிங்கம் யார்? பேய்க்குப் பயப்படாதவன் யார்? உன் தம்பிதான், அக்கா. பேசாத படத்துக்கு இனிமேல் நான்தான் வாய்.

ஒரு விஷயம். ஜூலை இருபத்திரண்டு அம்மாவின் வருஷப் பூசை. அடக்கத்துக்குத்தான் உன்னால் வர முடியவில்லை. இதற்காவது வருவாயா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

உன் வீரத் தம்பி
அல்போன்ஸ்

*

சைகோன்
2 பிப்ரவரி 1956

அன்புத் தம்பி போன்சுக்கு, அக்காவின் ஆசீர்வாதம்.

நான் சுகம். உன் அறிவிப்பைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மீசை இருக்கட்டும், மற்றதைச் சொல். யார் சமைக்கிறார்கள்? அப்பா துறைமுக ஆபீசிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறார்? இருமல் நின்றதா? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உனக்குக் கதவைத் திறக்க ஆள் இருக்கிறதா? அம்மா சந்தையிலிருந்து வந்தால் கையில் மீனும் காய்கறியுமாகக் காலாலேயே கதவை உதைப்பாளே, அந்தச் சத்தம் இங்கே சில நாள் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் மாடிப்படியில் யாரோ இறங்கிப் போகிறார்கள்.

இங்கே பிரெஞ்சு ஆபீசுகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். தெருவில் எங்கு பார்த்தாலும் பெட்டி கட்டுகிறார்கள். ஜூலையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பேய்ப் படமெல்லாம் வேண்டாம்டா. தெரிந்துகொள்ள ஆசையாக இருப்பதால் கேட்கிறேன், என்ன கதை?

அன்புள்ள அக்கா
செல்வி

*

புதுச்சேரி
13 பிப்ரவரி 1956

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். இவ்விடம் சுகம், அவ்விடம் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். மச்சான் சுகமா? நீ எழுதவே இல்லை.

நாளை மறுநாள் சாம்பல் புதன். அதற்குள் ஊர் மொத்தத்தையும் கதிகலங்க வைத்துவிட வேண்டும் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் படத்தைப் போட்டோம்.

கதை இதுதான். கழிமுகத்தின் ஓரத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரி படகில் போனவள் திரும்பவில்லை. புருஷனும் பிள்ளைகளும் தினம் சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியை அப்படியே போட்டு வைக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் வாசலிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் ஈரக் காலடி! அப்புறம் அவளே வருகிறாள். தலைமுடி சொட்டச் சொட்ட உட்காருகிறாள். தான் செத்தது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். பதில் சொன்னவன் மறுநாளிலிருந்து இளைக்கிறான். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, நிழல்கூடச் சரியாக விழாமல் போய்விடுகிறது. கடைசியில் பார்த்தால், ஒரு மழை நாளில் மீன் கூடையோடு அவள் நல்லபடியாக வீடு வந்து சேருகிறாள். எல்லாரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சுபம்.

இனி, ஜனங்களின் அபிப்பிராயம். ஆட்டம் முடிந்ததும் வாசலில் நின்று ஒருவர் விடாமல் கேட்டேன்.

கன்னியப்பன் அண்ணன் (ஆபரேட்டர், தவளக்குப்பம்): “பேய் கெடக்குது தம்பி. பிலிம் அறுந்துடுமோன்னுதான் எனக்கு பயம். முப்பது வருசத்து பிலிமு, அப்பளம் மாதிரி நொறுங்குது.”

சின்னப்பாப்பா அக்கா (கொட்டகை வாசலில் இட்லியும் சுண்டலும் விற்பவர்): “பயந்தா ஜனங்களுக்கு வாய் ஒலந்து பூடுது, சுண்டல் எறங்கல. இந்த மாதிரிப் பேயி யாவாரத்துக்கு ஆவாது. பாடற பேயி இருந்தா போடச் சொல்லு.”

நம் கோவில் உபதேசியார்: “இது பார்க்கத் தகாத படம்.” முதல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நாளும் பார்த்தார். ஏன் ஐயா என்று கேட்டேன். “எது தகாதுன்னு தெரிஞ்சாதானடா பிரசங்கத்துல சொல்ல முடியும்?”

பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த அஞ்சலாட்சி என்ற அம்மா சொன்னதுதான் விசித்திரம். ஊரே பேயைத் திட்ட, இவர் மட்டும் சண்டைக்கு வந்தார். “அவ மேல என்னா தப்பு? செத்துட்டன்னு அவளாண்ட யாராவது சொன்னாங்களா? வூட்டுக்காரி வூட்டுக்குத்தான் வருவா. வேற எங்க போவா, சொல்லு?” நான் என்ன சொல்வது, நான் வெறும் வாய்.

பழைய சொல்தா கோவிந்தராசுத் தாத்தா மட்டும் நடுவில் எழுந்து தடியை ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தபோது பிரான்சில் மார்சேயில் இந்தப் படத்தைப் பார்த்தவராம். “ஒக்காருய்யா, மறைக்குது!” என்று தரை டிக்கெட் முழுக்கக் கூச்சல் போட்டு அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் எங்கே உட்கார்ந்தேன் தெரியுமா? திரைக்கு மிக அருகில், இருட்டில், தனியாக. கண் சிமிட்டவில்லை. பாதி ஊர் முந்தானைக்குள், நான் மட்டும் சிரித்துக்கொண்டு.

உன் அஞ்சாத தம்பி
அல்போன்ஸ்

*

சைகோன்
6 மார்ச் 1956

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். அப்பா சுகத்தை எழுது. நான் கேட்ட எதற்குமே நீ பதில் எழுதவில்லை. சமையல் யார்?

கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்துகிறது. அந்த நாற்காலியின் முதுகில் சிலுவை போல ஒரு வெட்டு இருக்கிறதா? வீட்டு ஜனங்கள் சேர்ந்து அதை வெளியே தூக்கிக்கொண்டு போகிற இடம் வருகிறதா? வந்தால், எந்த இடத்தில்?

தவக்காலத்தில் ஒழுங்காக இரு.

அக்கா
செல்வி

*

புதுச்சேரி
9 ஏப்ரல் 1956

அன்புள்ள அக்காவுக்கு உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். சுகம், சுகம், சுகம். மூன்று தடவை எழுதியிருக்கிறேன், இனி அதைப் பற்றிக் கேட்காதே.

தவக்காலம் முழுவதும் பேய்க்கு ஓய்வு கொடுத்தோம். ஈஸ்டர் திங்களன்று திரும்பப் போட்டோம். கொட்டகை கொள்ளவில்லை. நம் ஊர் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து உழவுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் அம்மாவாசை என்று ஒருவர். பேரே பேய்ப் படத்துக்குப் பொருத்தம் என்று சொன்னேன், அடிக்க வந்தார். அப்புறம் நின்று நிதானமாகச் சொன்னார்: “எளச்சி எளச்சி பூடறானே அந்தப் புருசன், அது பேய் வேல இல்ல தம்பி. பொண்டாட்டி போனப்புறம் எங்கப்பன் அப்படித்தான் போனான். எந்தப் பேயும் வரல. சோறு எறங்கல, அவ்ளோதான்.” இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு அனுப்பிவிட்டேன், நீ வைத்துக்கொள்.

கமலா என்கிற பெண், பத்து வயது இருக்கும்: “அண்ணா, பேயி ரொம்ப அழகு.” அவள் அம்மா மண்டையில் ஒரு குட்டு வைத்தார்.

உபதேசியார் மூன்றாம் முறையும் வந்தார்.

நீ கேட்ட நாற்காலியில் சிலுவை போல வெட்டு இருக்கிறது. உனக்கு எப்படித் தெரியும்? நாற்காலியைத் தூக்கிப் போகிற இடம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. படத்தின் முதல் காட்சியே அதுதான். யாரோ நாற்காலியைக் கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டுக் கதவில் பலகை வைத்து ஆணி அடிக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் நின்று வாயை வாயை அசைக்கிறாள். அவள் யாரென்று அப்போது யாருக்கும் தெரியாது அல்லவா? எழுத்தும் இல்லை. நான் விடுவேனா? தகரக் குழாயை எடுத்து, “மோரு வேணுமா அம்மா, மோரு!” என்று கூவினேன். கொட்டகையே அதிர்ந்தது.

வீட்டுச் சமையல் நான்தான். மீன் குழம்பு வைத்தால் தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அம்மா வைத்தது வைத்தபடி வீடு அப்படியே இருக்கிறது. போதுமா?

மச்சான் என்ன ஆனார்? கேட்டுக் கேட்டுப் பேனா தேய்ந்துவிட்டது.

உன் தம்பி, சமையல் சக்கரவர்த்தி
அல்போன்ஸ்

*

சைகோன்
27 ஏப்ரல் 1956

அன்புள்ள போன்சு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே பார்.

உன் மச்சான் பிப்ரவரியிலேயே ஆபீசோடு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். தூலோனில் வேலை. வீடு பார்த்துவிட்டு வரச் சொல்லி எழுதுகிறார். நீங்கள் கவலைப்படக் கூடாதென்று எழுதவில்லை. மூன்று மாதமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான். பேச ஆளில்லாமல் தமிழ் மறந்துவிடுமோ என்று உன் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எட்டு வயது, நீ பிறக்கவில்லை. அதே வெள்ளைக்காரர் சங்கத்தில் ஏதோ தர்ம காரியத்துக்காகத் திரையிட்டார்கள். அம்மா என்னைக் கூட்டிப்போனாள். போன்சு, அவள் மீன் கூடையோடு வருகிற இடம்தான் படத்தின் ஆரம்பம். அப்போது அவள் உயிரோடு இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் படகு, காலடி, எல்லாம். கடைசியில்தான் நாற்காலியைத் தூக்கி வெளியே போடுகிறார்கள். பிழைத்திருக்கிற பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டுமென்று கதவை அடைக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவள் அவள்தான். உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். சத்தமே வராது. வாய் மட்டும் அசையும். அப்படியே படம் முடிந்துவிடும்.

அந்த இடம் வந்ததும் அம்மா என் கண்ணைப் பொத்திவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, “அவ என்னாம்மா ஆனா?” என்று கேட்டேன். “வூட்டுக்கு வந்துட்டாடி. எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டாங்க” என்றாள். அவள் விரல் இடுக்கு வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். அதை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

என் கப்பல் ஜூன் பாதியில் கிளம்பி, மார்சே போகிற வழியில் கொழும்பில் நிற்கும். அங்கே இறங்கினால் ரயிலில் வந்து பூசைக்குச் சேர்ந்துவிடலாம். இறங்குவேனா என்று தெரியவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். தந்தி வந்தபோது அது வெறும் காகிதம். அடக்கத்தை நான் பார்க்கவில்லை. என் மனசில் அம்மா இன்னும் சந்தைக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். நான் அந்த வாசலில் வந்து நின்றால் அது முடிந்துவிடும்.

அக்கா
செல்வி

*

புதுச்சேரி
14 மே 1956

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம்.

அப்படியானால் பிடித்துவிட்டாய். சபாஷ்! இத்தனை ஜனங்கள் பார்த்து, கோவிந்தராசுத் தாத்தா ஒருவரைத் தவிர யாரும் கண்டுபிடிக்காததை நீ சைகோனில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்துவிட்டாய்.

ஆமாம், முதல் டப்பாவைக் கடைசியிலும் கடைசி டப்பாவை முதலிலும் போட்டது நான்தான். முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் மத்தியானம் கன்னியப்பன் அண்ணன் எனக்காகப் படத்தை ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். டப்பாவில் நம்பர் இல்லை. “பிரெஞ்சு படிச்ச புள்ள நீதான, வரிசை எழுதிக் குடுறா” என்று சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்தார். எழுதிக் கொடுத்தேன். என் வரலாற்றிலேயே பெரிய குறும்பு இதுதான். ஒரு ஊரையே ஏமாற்றியவன் வேறு யார்? முதல் ரீல் முடிவில் ‘முற்றும்’ என்று பிரெஞ்சில் கொட்டை எழுத்தில் வருகிறது. நான் கூசாமல் “தொடரும்” என்று முழங்கினேன். கோவிந்தராசுத் தாத்தா, “மோர்க்காரியாடா அவ? படுபாவி, அவளா மோர்க்காரி?” என்று கத்தினார். நான் “சுண்டல், சுண்டல்” என்று குழாயில் கத்தி அவர் குரலை அமுக்கிவிட்டேன். சின்னப்பாப்பா அக்காவுக்கு அன்று நல்ல விற்பனை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி.

மச்சான் இல்லாமல் தனியாகவா இருக்கிறாய்? அதற்கு எனக்கு வேடிக்கையாக எழுதத் தெரியவில்லை.

கொழும்பில் இறங்கு. வீடு பளபளவென்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை.

அல்போன்ஸ்

*

புதுச்சேரி
18 ஜூன் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே?

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நீ கிளம்பியிருப்பாய். அதனால் இதைக் கொழும்பு கொட்டாஞ்சேனை ரோசா அத்தை விலாசத்துக்கு எழுதுகிறேன். இறங்கினால் படிப்பாய். இறங்காவிட்டால் அத்தை படிப்பார். அத்தை, தோத்திரம், நான் அந்தோணி மகன், உங்களை நான் பார்த்ததில்லை.

கொட்டகையில் இந்த வாரம் வேறு படம். அது பேசுகிற படம். நான் வேண்டாம். வாசலில் போய் நின்று வருகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்டேன். “நல்லாருக்கு” என்றுவிட்டுப் போய்விட்டார்கள். வேறு விசேஷம் இல்லை.

மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

அல்போன்ஸ்

*

கொழும்பு
29 ஜூன் 1956

அன்புத் தம்பிக்கு,

கப்பல் போய்விட்டது. நான் அதில் இல்லை.

கரையில் நின்று அது கிளம்புவதைப் பார்த்தேன். என் பெரிய பெட்டி அதிலேயே போய்விட்டது, தூலோனில் அவர் இறக்கிக்கொள்வார். அவருக்கு எழுதியிருக்கிறேன். பூசை முடிந்த பிறகு வருகிறேன் என்று. அத்தை வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு இப்போது பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டு, அதனால் என் ஊருக்குப் போக எனக்கே அனுமதி வேண்டுமாம். இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள்.

அத்தை உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதனால்தான் பயந்தேன்.

போன்சு, உன் மற்றக் கடிதங்களையும் திரும்பப் படித்தேன். உனக்கு அடுப்பு மூட்டவே தெரியாது. வீடு அம்மா வைத்தபடி இருக்கிறது என்கிறாய். அங்கே எது எது இல்லை என்று இப்போதே எழுதிவிடு. வாசலில் வந்து நின்று தெரிந்துகொள்ள என்னால் முடியாது. வேடிக்கை வேண்டாம்.

அக்கா
செல்வி

*

புதுச்சேரி
5 ஜூலை 1956

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா சுகம் என்று எழுத முடியாது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆபீஸ் விட்டுக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார். நான் படுத்த பிறகு வருகிறார். பேசுவதில்லை. பூசைக்கு நீ வருவாயா என்று அவர் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

மீன் குழம்பு நான் வைக்கவில்லை. ஒரு தடவை வைத்தேன், சட்டி போனது. சாயங்காலம் சின்னப்பாப்பா அக்காவிடம் இட்லி சாப்பிடுகிறேன். அதற்காகத்தான் கொட்டகைக்கே முதலில் போனேன். ஆட்டம் முடிந்து எல்லாரிடமும் நின்று நின்று அபிப்பிராயம் கேட்டதும் அதனால்தான். கேட்காவிட்டால் நேரே வீட்டுக்குப் போக வேண்டும். கதவைத் திறக்க ஆள் இல்லை. சாவி என் கழுத்தில் கிடக்கும் உத்தரியக் கயிற்றோடு கட்டியிருக்கிறது.

அம்மாவின் புடவைகளை ஏழைகளுக்குக் கொடுக்கக் கோவில் ரோசா மாலைச் சபையார் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் உட்காருகிற நாற்காலி மேசையண்டை இல்லை. அடக்கம் முடிந்த வாரம் அப்பா அதைத் தூக்கிப் பரண் மேல் போட்டார். ஒரு முனையை நான் பிடித்தேன். மற்றதெல்லாம் இருக்கிறது. அரிவாள்மனை, சாமி படம், எண்ணெய்க் கிண்ணம் எல்லாம்.

இனி அந்தக் குறும்பு.

அன்றைக்கு மத்தியானம் கன்னியப்பன் அண்ணன் படத்தைச் சரியான வரிசையில்தான் ஓட்டினார். நான் குழாயை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். எல்லாருக்கும் குரல் கொடுத்தேன், புருஷனுக்கு, பிள்ளைகளுக்கு, அவளுக்கு. கடைசி ரீல் வந்தது. நாற்காலியைத் தூக்கினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் வாயை அசைத்தாள். எழுத்து இல்லை. அங்கே நான்தான் ஏதாவது சொல்ல வேண்டும். ஏதோ வேடிக்கையாகச் சொல்லத்தான் குழாயை வாயில் வைத்தேன். என் வாயிலிருந்து, “போன்சு, கதவத் தொறடா, கை ரெண்டும் ரொம்பிக் கெடக்குது” என்று வந்தது. நான் நினைத்துச் சொல்லவில்லை. காலிக் கொட்டகை, அது எதிரொலித்தது.

குழாயைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டேன். கன்னியப்பன் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். “வரிசை எழுதிக் குடுறா, உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுது” என்றார். அவருக்கு வரிசை தெரியும். கண்ணெதிரே ஓட்டியவருக்குத் தெரியாதா? நான் அவளை மோர்க்காரி ஆக்கிவிட்டு, கடைசியில் கூடையோடு வீட்டுக்குள் விட்டேன். அதில் ஒரு நாளும் நான் சிரிக்கவில்லை. அவள் வருகிற காட்சியில் தினமும் அழுதேன். இருட்டில் தெரியாது. திரைக்கு அருகில் உட்கார்ந்தது அதற்குத்தான்.

ஊர் அபிப்பிராயம் எல்லாம் உனக்கு எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஈஸ்டர் திங்களன்று அப்பா வந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவரிடம் மட்டும் அபிப்பிராயம் கேட்க வாய் வரவில்லை. அவராகவே கேட்டார்: “மறுபடி எப்ப போடுவீங்க?” அப்புறம் மூன்று தடவை வந்தார். அதனால்தான் நீ உண்மையைச் சொன்ன பிறகும் நான் வரிசையை மாற்றவில்லை.

அக்கா, உனக்கு அம்மா இன்னும் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். நான் கடைசிவரை கூட இருந்து பார்த்தவன். கடைசி ரீலைப் பார்த்தது நானும் அப்பாவும்தான், அப்பா பேசமாட்டார். பார்த்த ஒருத்தரோடு அதைப் பற்றிப் பேசாமல் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பது? விரல் இடுக்கில் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நீ வா.

பூசைக்கு மறுநாள் படத்தைப் போடச் சொல்லி ராஜாங்கத்திடம் கேட்டிருக்கிறேன். சரியான வரிசையில். நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. குழாயைக் கீழே வைத்துவிடுவேன்.

நீ எந்த ரயிலில் வந்தாலும் விழுப்புரத்தில் நிற்பேன். ஆனால் நம் சந்து வந்ததும் நான் முன்னால் ஓடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நீ கையில் இருப்பதைக் கீழே வைக்காதே. காலால் உதை. நான் திறக்கிறேன்.

இன்னொன்றும் பாக்கி. வாசலில் தெரிந்து அதிர்ச்சி அடைய வேண்டாம். ஜனவரியில் அறிவித்த மீசை முளைக்கவில்லை. அது அடுப்புக்கரி.

உன் தம்பி
போன்சு